மச்சம் எங்கே இருக்கிறது?

கல்வராயன் மலையில் பிறந்து, கள்ளக்குறிச்சிப் பக்கம் இறங்கி, விருத்தாசலம் வழியாகப் போய் வெள்ளாற்றில் கலக்கிறது மணிமுக்தா ஆறு. மழைக்காலம் தவிர்த்து மற்ற நாட்களில் பெரும்பாலும் மணல்தான். பஸ்ஸில் பாலத்தைக் கடக்கிறவர்கள் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

ஆனால், தமிழ்நாட்டின் முதல் பணப் பட்டுவாடா இந்த ஆற்றில்தான் நடந்தது. ஓர் ஊரில் போட்டு இன்னோர் ஊரில் எடுக்கிற பட்டுவாடா!

போட்டவர் சுந்தரமூர்த்தி நாயனார். திருவாரூரில் மனைவி பரவை நாச்சியாருக்குச் செலவுக்குப் பணம் வேண்டும். திருமுதுகுன்றம், அதாவது இன்றைய விருத்தாசலம் கோயிலில் பாடி 12,000 பொன் வாங்கிவிட்டார் சுந்தரர். அவ்வளவையும் தூக்கிக்கொண்டு திருவாரூர் போவது எப்படி? வழியெல்லாம் திருட்டு பயம். ‘இங்கே ஆற்றில் போடு, அங்கே கோயில் குளத்தில் எடுத்துக்கொள்’ என்று சிவனிடமிருந்து உத்தரவு வந்ததாகப் பெரியபுராணத்தில் சேக்கிழார் சொல்கிறார். ‘ஆற்றிலே போட்டுக் குளத்திலே தேடின மாதிரி’ என்று இன்றைக்கும் கிண்டல் பண்ணுகிறோமே, அதன் பின்னால் இருக்கும் கதை இதுதான்.

வாக்குக் கொடுத்தவர் சாதாரண ஆசாமி இல்லை, சாட்சாத் சிவபெருமான். ஆனாலும் சுந்தரர் ஒரு காரியம் பண்ணினார். பொன்னை ஆற்றில் போடும் முன், அதிலிருந்து ஒரு சிறு துண்டை வெட்டித் தன்னிடம் வைத்துக்கொண்டார். அந்தத் துண்டுக்குப் பொற்கொல்லர் பாஷையில் ‘மச்சம்’ என்று பெயர். உரைத்துப் பார்க்க வைத்துக்கொள்ளும் மாதிரி.

திருவாரூர்க் குளத்தில் தேடிப் பொன் கிடைத்தது. எடுத்து உரைத்துப் பார்த்தால், மச்சத்தைவிட மாற்று குறைவு! சுந்தரர் விடவில்லை. மறுபடியும் ஒரு பதிகம் பாடி, மாற்று சரியாக வரும்வரை வாதாடி வாங்கினார். திருவாரூர்க் குளக்கரையில் இருக்கும் பிள்ளையாருக்கு இன்றும் ‘மாற்றுரைத்த விநாயகர்’ என்றுதான் பெயர்.

பக்தி வேறு, சரக்கு வேறு. கண்ணுக்குத் தெரியாத தூரத்திலிருந்து விலை உயர்ந்த பொருள் வருகிறது என்றால், ஒப்பிட்டுப் பார்க்கக் கையில் ஒன்று இருந்தாக வேண்டும். சேக்கிழார் இதை எழுதியது 12-ம் நூற்றாண்டில். நாம் செல்போன் திரையில் வைரக் கம்மல் படம் பார்த்து ஆர்டர் போடுகிற காலத்துக்கும் இது அப்படியே பொருந்துகிறது.

*

கள்ளக்குறிச்சி ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்குப் போய்ப் பாருங்கள். மக்காச்சோள மூட்டை வந்து இறங்கும். வியாபாரி விவசாயியின் முகத்தைப் பார்த்து விலை சொல்வதில்லை. சாக்கிலிருந்து ஒரு பிடி எடுப்பார், உள்ளங்கையில் உருட்டுவார், ஒன்றைப் பல்லால் கடிப்பார். ஈரம், பூச்சி, தூசி எல்லாம் அங்கேயே தெரிந்துவிடும். கல்வராயன் மலையிலிருந்து இறங்கி வரும் புளிக்கும் தேனுக்கும் இதே கதைதான். தொட்டு, முகர்ந்து, நாக்கில் வைத்துப் பார்க்காமல் யாரும் வாங்குவதில்லை.

பி.காம். படித்தவர்களுக்கு வணிகச் சட்டப் பாடம் ஞாபகம் இருக்கலாம். 1930-ம் வருஷத்து சரக்கு விற்பனைச் சட்டம். அதன் 15-வது பிரிவு, வர்ணனை சொல்லி விற்பது பற்றியது. 17-வது பிரிவு, மாதிரி காட்டி விற்பது பற்றியது. மாதிரி எப்படியோ, மொத்தச் சரக்கும் அப்படியே இருக்க வேண்டும். இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்க வாங்குபவருக்கு அவகாசம் தரவேண்டும். சுந்தரரின் மச்சத்தை அப்படியே சட்ட பாஷையில் எழுதிய மாதிரி இருக்கும்.

ஆனால், வைரத்தில் ஒரு சிக்கல். சோளத்துக்கு ஒரு பிடி மாதிரி போதும். தங்கத்தில் ஒரு துண்டு வெட்டலாம். வைரத்தில் எதை வெட்டுவது? ஒரு கல் மாதிரி இன்னொரு கல் இருக்காது. ஒரே எடை, ஒரே அளவு உள்ள இரண்டு கற்களில் ஒன்று இன்னொன்றைப்போல இரண்டு மடங்கு விலை போகும். காரணம் உள்ளே இருக்கும் ஒரு புள்ளியாக இருக்கலாம், நிறத்தில் இருக்கும் லேசான மஞ்சளாக இருக்கலாம். ஒரு காரட் உருண்டை வைரத்தின் குறுக்களவு சுமார் ஆறரை மில்லிமீட்டர்தான். துவரம்பருப்பைவிடக் கொஞ்சம் பெரிசு. அதற்குள் இருக்கும் ஒரு புள்ளிதான் விலையைத் தீர்மானிக்கிறது!

கல்லில் குற்றம் பார்ப்பது நமக்குப் புதுசில்லை. மதுரையின் ரத்தினக் கடைத்தெருவை வர்ணிக்கும் சிலப்பதிகாரம், வைரத்தில் இருக்கக்கூடாத குற்றங்களை வரிசையாகச் சொல்கிறது. காக்கைக் கால் மாதிரி கீற்று, கறை, புள்ளி, கோடு. இன்றைய பரிசோதனைக் கூடங்கள் தேடுவதும் கிட்டத்தட்ட இவற்றைத்தான்.

குற்றம் பார்க்கத் தெரிந்த ஊரில், குற்றத்தை மறைக்கவும் தெரிந்திருக்கும் இல்லையா?

*

ழான் பத்தீஸ்த் தவெர்னியே என்று ஒரு பிரெஞ்சு வியாபாரி. 17-ம் நூற்றாண்டில் ஆறு முறை கிழக்கே பயணம் வந்தவர். கோல்கொண்டா ராஜ்ஜியத்து வைரச் சுரங்கங்களுக்கே நேரில் போனவர். 1676-ல் வெளியான அவருடைய பயணப் புத்தகத்தில் வைர வியாபார நுணுக்கங்கள் ஏகப்பட்டது இருக்கின்றன.

அதில் ஒன்று: கல் சுத்தமாக இருந்தால், சுரங்கத்துப் பட்டறைக்காரர் அதில் அதிகம் கை வைக்க மாட்டார். லேசாகச் சாணை காட்டி விட்டுவிடுவார். உள்ளே புள்ளியோ கீற்றோ இருந்தால்தான் கல் முழுக்கச் சின்னச் சின்னப் பட்டைகளாகத் தீட்டுவார். ஜொலிப்பில் குற்றம் மறைந்துவிடும். அதனால், அதிகமாக மினுக்கும் கல்லைக் கண்டால் தவெர்னியேவுக்கு சந்தேகம் வந்துவிடும்.

இன்னொன்று வெளிச்சம் பற்றியது. ஐரோப்பியர்கள் பகல் வெளிச்சத்தில் கல்லைப் பார்க்க, இந்திய வியாபாரிகள் ராத்திரியில் பார்த்தார்களாம். சுவரில் ஒரு மாடம், அதில் விளக்கு, விரல் நுனியில் கல். கல்லில் நீல ஓட்டம் இருக்கிறதா என்று சந்தேகம் வந்தால், அடர்ந்த மரத்தடிக்குக் கொண்டுபோய் பச்சை நிழலில் பார்ப்பார்களாம்.

அதாவது, எந்த வெளிச்சத்தில் பார்ப்பது என்பதை வாங்குகிறவரே தீர்மானித்தார். அந்த உரிமைதான் போட்டோவில் கைமாறுகிறது. வெளிச்சம் விற்கிறவர் கையில், கோணம் விற்கிறவர் கையில். எந்தப் படத்தை வைத்துக்கொள்வது, எதை அழிப்பது என்பதும் அவர் கையில்.

*

தூரத்தில் இருப்பவருக்கு வைரத்தைக் காட்டி விற்பது எப்படி? கேமரா வருவதற்கு 100 வருஷத்துக்கும் மேல் முன்னால் இந்தக் கேள்வி நம்ம சென்னையில், செயின்ட் ஜார்ஜ் கோட்டையில் எழுந்தது.

கேட்டவர் தாமஸ் பிட். 1698-ல் மதராஸ் கவர்னராக வந்தவர். கம்பெனி உத்தியோகத்தோடு சொந்தமாக வைர வியாபாரமும் பார்த்த கில்லாடி. பின்னாளில் இங்கிலாந்தின் பிரதமர்களான இரண்டு வில்லியம் பிட்களுக்கும் மூதாதை. 1701-ல் ஜாம்சந்த் என்ற பெரிய வைர வியாபாரியிடமிருந்து ஒரு பட்டை தீட்டாத கல் அவர் பார்வைக்கு வந்தது. கிருஷ்ணா நதிக்கரைச் சுரங்கத்துக் கல். எலுமிச்சம்பழம் மாதிரி அவ்வளவு பெரிசாக யாரும் பார்த்ததில்லை.

வாங்கலாமா? வாங்கினால் விற்க முடியுமா? லண்டனில் இருந்த நண்பரும் பொன் வணிகருமான சர் ஸ்டீபன் எவன்ஸைக் கேட்க வேண்டும். கல்லையே அனுப்ப முடியாது, அது இன்னும் பிட்டுக்குச் சொந்தமாகவில்லை. அதனால் 1701 நவம்பரில் ஒரு கடிதம் எழுதி, அதோடு கல்லின் மாதிரி வடிவம் ஒன்றைச் செய்து கப்பலில் அனுப்பினார். எடை 303 மஞ்சாடி, 426 காரட் என்று எழுதினார். மஞ்சாடி நம்மூர் எடைதான். பின்னால் வந்த புத்தகங்கள் இதே கல்லை 410 காரட் என்கின்றன. காரட் அப்போது ஊருக்கு ஊர் வேறு எடை. அது சரியாக 200 மில்லிகிராம் என்று சர்வதேச அளவில் முடிவானது 1907-ல்தான்.

லண்டனிலிருந்து பதில் வந்தது. ஐரோப்பாவில் சண்டை ஆரம்பித்துவிட்டது, பிரெஞ்சு ராஜாவுக்கு இப்போது இந்த மாதிரிக் கல் வாங்க நேரமில்லை, வேண்டாம் என்று. எழுதிய தேதி 1702 ஆகஸ்ட். அது மதராஸ் வந்து சேர்வதற்குள் பேரமே முடிந்துவிட்டது. ஜாம்சந்த் கேட்டது இரண்டு லட்சம் பகோடா. பிட் இழுத்து இழுத்துக் கொண்டுவந்து முடித்தது 48,000-க்கு.

அனுப்பிய மாதிரி வடிவத்தால் என்ன சொல்ல முடிந்தது? கல் எவ்வளவு பெரிசு, என்ன உருவம் என்று சொல்ல முடிந்தது. நீரோட்டம் எப்படி, உள்ளே கீறல் உண்டா, பட்டை தீட்டினால் எத்தனை காரட் மிஞ்சும்... இதில் ஒன்றைக்கூடச் சொல்ல முடியவில்லை. கல்லை மகன் மூலம் லண்டனுக்கு அனுப்பி, சுமார் இரண்டு வருஷம் பட்டை தீட்டிய பிறகுதான் பதில் தெரிந்தது. மிஞ்சியது 140 காரட் சொச்சம்.

பிறகும் வாங்க ஆள் இல்லை. கடைசியில் 1717-ல் பிரான்ஸை ஆண்டுகொண்டிருந்த ஆர்லியான்ஸ் கோமகன் 1,35,000 பவுண்டுக்கு வாங்கினார். அங்கேயும் முதலில் போனது மாதிரி வடிவம்தான். ஜான் லா என்ற நிதி வல்லுநர் அதைக் கொண்டுவந்து காட்டியதாக சென் சிமோன் பிரபு தன் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார். இன்று அந்த வைரம் பாரிஸ் லூவர் மியூசியத்தில் இருக்கிறது.

பிட்டுக்குப் பணம் வந்தது, நிம்மதி வரவில்லை. சுரங்கத்தில் வேலை பார்த்த ஓர் அடிமை, காலில் காயக் கட்டுக்குள் கல்லை மறைத்துக் கொண்டுவந்தான், அவனை ஒரு கப்பல் கேப்டன் கொன்றுவிட்டுக் கல்லை விற்றான், அதுதான் கைமாறி வந்தது என்று ஒரு கதை பரவியது. கவர்னர் மிரட்டி வாங்கினார் என்று இன்னொரு கதை. ஊருக்குத் திரும்பும் வழியில், 1710-ல் நார்வேயின் பெர்கன் நகரில் உட்கார்ந்து, யாரிடம் வாங்கினேன், எவ்வளவு கேட்டார், எவ்வளவு கொடுத்தேன் என்று கடவுள் சாட்சியாக ஒரு வாக்குமூலம் எழுதிவைத்தார் பிட். அப்படியும் வாய்கள் மூடவில்லை. அலெக்சாண்டர் போப் ஒரு கவிதையில் வைரத் திருட்டைப் பற்றி எழுதியபோது, அது பிட்டைத்தான் சொல்கிறது என்று லண்டன் பேசியது.

ஆக, தூரத்து வியாபாரத்தில் எழும் கேள்விகள் இரண்டு. சரக்கு சொன்னபடி இருக்கிறதா? அது விற்பவருடைய சரக்குதானா? விற்பவர் தானே செய்து அனுப்பிய மாதிரி முதல் கேள்விக்குப் பதில் சொல்லவில்லை. அவர் தானே எழுதிய வாக்குமூலம் இரண்டாவதற்குப் பதில் சொல்லவில்லை.

*

வைர வியாபாரிகளுக்கு இது நன்றாகவே தெரியும். அதனால் ரொம்ப காலம் அவர்கள் கல்லைவிட ஆளைத்தான் பார்த்தார்கள். ஆன்ட்வெர்ப், நியூயார்க் வைரச் சந்தைகளில் கோடிக்கணக்கான வியாபாரம் ஒரு கைகுலுக்கலில் முடிந்தது. பத்திரம் இல்லை, வக்கீல் இல்லை. இங்கே சூரத்திலும் மும்பையிலும் ‘ஆங்காடியா’ என்று ஒரு கூட்டம் வைரப் பொட்டலங்களை ரயிலில் கொண்டுபோய்க் கொடுக்கும். நம்பிக்கைதான் ரசீது.

வாக்குத் தவறினால்? சந்தையின் நடுவர் மன்றம் சொன்ன தொகையை ஒருவர் கட்டாமல் போனால், அவருடைய போட்டோவை உலகத்தில் உள்ள மற்ற வைரச் சந்தைகளின் சுவரிலும் ஒட்டிவிடுவார்கள். அப்புறம் எந்த ஊரிலும் அவரிடம் யாரும் கல் வாங்க மாட்டார்கள்.

கவனித்தீர்களா? வைர வியாபாரத்தில் படம் போட்டுக் காட்டியது கல்லை அல்ல, ஏமாற்றிய ஆளை!

ஆனால், முகம் தெரிந்த சில ஆயிரம் பேருக்குள்தான் இந்த ஏற்பாடு செல்லும். சின்னசேலத்தில் இருந்துகொண்டு மகள் கல்யாணத்துக்குத் திரையில் மூக்குத்தி பார்க்கிற ஒருவருக்கு சூரத்தின் சந்தைச் சுவர் தெரியுமா? அவருக்கு வேறு ஒரு சாட்சி தேவை.

அந்த சாட்சிதான் சர்டிஃபிகேட். அமெரிக்காவில் ராபர்ட் ஷிப்லி 1931-ல் ஆரம்பித்த ஜி.ஐ.ஏ. என்ற ரத்தினவியல் நிறுவனம், 1950-களில் வைரத்தின் நிறத்துக்கும் சுத்தத்துக்கும் பொதுவான அளவுகோல் கொண்டுவந்தது. 1955-ல் முதல் அறிக்கைகள் வெளிவந்தன. நிறத்துக்கு ‘டி’ முதல் ‘இசட்’ வரை. எப்படிப் பார்க்கிறார்கள்? கல்லைக் கவிழ்த்து வைத்து, ஏற்கெனவே தரம் குறித்து வைத்திருக்கும் ‘மாஸ்டர் ஸ்டோன்’ வரிசையோடு பக்கத்தில் வைத்து ஒப்பிடுவார்கள். சுந்தரர் கையில் இருந்த மச்சம் மாதிரியேதான்!

சுத்தத்துக்குப் பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ். உள்ளே எங்கே புள்ளி, எங்கே கீற்று என்று முழு அறிக்கையில் ஒரு படமும் வரைந்து கொடுப்பார்கள். நம்ம எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தில் அங்க அடையாளமாக ‘இடது கையில் ஒரு மச்சம்’ என்று எழுதுவார்களே, அதே சமாச்சாரம். வைரத்துக்குக் குற்றமாக இருப்பதே அடையாளமாகவும் ஆகிவிடுகிறது.

சாட்சியும் பொய் சொல்லலாம், அதுவும் நடந்திருக்கிறது. 2005-ல் அதே ஜி.ஐ.ஏ.வின் நியூயார்க் கூடத்தில் லஞ்சம் வாங்கித் தரத்தை ஏற்றிப் போட்டதாகப் புகார் கிளம்பி, நான்கு ஊழியர்கள் வெளியே அனுப்பப்பட்டார்கள். வேறொரு கூடமான ஈ.ஜி.எல்.லின் அறிக்கைகள் தாராளமாகத் தரம் போடுகின்றன என்று சொல்லி, 2014-ல் ராபாபோர்ட் என்ற பெரிய வைர வர்த்தக வலைப்பின்னல் அவற்றைத் தன் பட்டியலிலிருந்தே நீக்கியது. 2021-ல், பரிசோதனைக் கூடத்தில் வளர்த்த செயற்கை வைரத்தின் விளிம்பில், ஓர் இயற்கை வைரத்தின் அறிக்கை எண்ணை லேசரில் பொறித்துக் கொண்டுவந்த மோசடிகளை ஜி.ஐ.ஏ. வெளியிட்டது.

மூன்றும் எப்படிப் பிடிபட்டன? ஒன்றில் புகார் வந்தபின் விசாரித்தார்கள். ஒன்றில் பல கூடங்களின் அறிக்கைகள் ஒத்துப்போகவில்லை. ஒன்றில் கல்லையும் பழைய பதிவையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது இரண்டும் வேறு வேறு என்று தெரிந்தது. மறுபடியும் ஒப்புநோக்கல்தான்.

*

நம்மூரிலேயே ஓர் உதாரணம் உண்டு. 2008-ல் சென்னையில் மிதுன் சச்செட்டி, ஸ்ரீனிவாச கோபாலன் இருவரும் ஆரம்பித்த கேரட்லேன், இன்டர்நெட்டில் வைர நகை விற்க வந்த நிறுவனம். கடை வாடகை இல்லை, சரக்கு முடக்கம் குறைவு, அதனால் விலையும் குறைவு. கணக்கு சரிதான். ஆனால், ஜனங்கள் படத்தைப் பார்த்தார்கள், ரசித்தார்கள், வாங்கத் தயங்கினார்கள். நகையை வீட்டுக்கே எடுத்துவந்து போட்டுப் பார்க்கக் கொடுத்தார்கள். அப்புறம் கடைகளே திறந்தார்கள். இன்று நாடு முழுக்க 300-க்கும் மேற்பட்ட கடைகள். 2016-ல் பெரும்பான்மைப் பங்கை வாங்கிய டாட்டாவின் டைட்டன், 2023-ல் சச்செட்டியின் மீதிப் பங்கை 4,621 கோடி ரூபாய்க்கு வாங்கியது.

கடை வேண்டாம் என்று கிளம்பிய வியாபாரம் கடைக்கே வந்து சேர்ந்ததைத் தோல்வி என்று சொல்ல மாட்டேன். வாங்குகிறவர் தன் வெளிச்சத்தில், தன் கையில் வைத்துப் பார்க்க வேண்டும் என்ற பழைய உரிமையைத் திருப்பிக் கேட்டிருக்கிறார், அவ்வளவுதான்.

அப்படியானால் படத்தில் என்னதான் தெரியும், என்ன தெரியாது? கொஞ்சம் விவரமாகவே பார்த்துவிடுவோம்.

துவரம்பருப்பு அளவுள்ள கல், திரையில் உள்ளங்கை அகலத்துக்கு விரியும். லென்ஸ் ஒரு தளத்தைத்தான் துல்லியமாகப் பிடிக்கும். மேல்பட்டையைப் பிடித்தால் ஆழத்தில் இருக்கும் புள்ளி மங்கிப்போகும். பளீரென்ற வெள்ளை விளக்கில், முகப்பைப் பார்த்து எடுத்தால் லேசான மஞ்சள் காணாமல்போகும். கூடத்தில் கல்லைக் கவிழ்த்து வைத்து நிறம் பார்ப்பது இதற்காகத்தான். பிடிப்புக் கம்பிக்குக் கீழே ஒரு கீற்று ஒளிந்திருந்தால், கட்டிய நகையின் படத்தில் அது தெரியவே தெரியாது. சில சமயம் ஒரே படத்தைப் பல கற்களுக்குப் போடுவார்கள். அது கல்லின் படமே இல்லை, ஜாதியின் படம். பூமியில் விளைந்த வைரமா, கூடத்தில் வளர்ந்ததா என்பதை எந்த போட்டோவும் சொல்லாது. அனுபவசாலியின் கண்ணே சொல்லாது, அதற்குத் தனிக் கருவி வேண்டும். கூடத்தில் வளர்ந்ததும் வைரம்தான். ஆனால் விலை பல மடங்கு குறைவு என்பதால், எது என்று சொல்லி விற்பதுதான் நேர்மை.

2020-ம் வருஷத்து மின்வணிக விதிகளின்படி, விளம்பரத்தில் காட்டியதும் சரக்கும் ஒத்துப்போக வேண்டும். காட்டிய குணம் இல்லை என்றால் விற்றவர் திரும்ப வாங்க மறுக்க முடியாது. தங்க நகைக்கு 2021 முதல் படிப்படியாக ஹால்மார்க் கட்டாயமாகியிருக்கிறது. வைரத்துக்கு அப்படிக் கட்டாய முத்திரை இல்லை. ஆகவே மச்சத்தை நாம்தான் தேட வேண்டும். அறிக்கை எண்ணை, விற்பவர் அனுப்பும் இணைப்பில் அல்லாமல், கூடத்தின் தளத்துக்கு நாமே போய்ப் பார்ப்பது. கல் வந்ததும், திருப்பித் தரும் கெடு முடிவதற்குள், விற்றவருக்கு சம்பந்தமில்லாத ஒருவரிடம் லென்ஸில் காட்டி, விளிம்பில் பொறித்த எண்ணையும் உள்ளே இருக்கும் புள்ளியையும் அறிக்கையோடு ஒத்துப்பார்ப்பது. நல்ல வியாபாரி இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார். சிவபெருமானே கோபித்துக்கொள்ளவில்லை!

*

பிட் விட்டுச்சென்ற இரண்டாவது கேள்வி மிச்சம் இருக்கிறது. ‘இது விற்பவருடைய சரக்குதானா?’ அதற்கு ஒரு பதில், கள்ளக்குறிச்சிக்குப் பக்கத்திலேயே கிடைத்திருக்கிறது. பொருள் வைரமல்ல, வெண்கலம்.

வீரசோழபுரம். கோயில் நிலத்தில் கலெக்டர் ஆபீஸ் கட்டுவது பற்றிய வழக்கில் சில வருஷங்களுக்கு முன் செய்தியில் அடிபட்ட ஊர். அங்கே ஒரு பழைய சிவன் கோயில். 1956-ல் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்துக்காக அங்கே இருந்த உலோகச் சிலைகளைக் கறுப்பு வெள்ளையில் படம் எடுத்தார்கள். விற்பதற்காக எடுத்த படமல்ல, ஆராய்ச்சிக்கு. படங்கள் புதுச்சேரியில் பெட்டிக்குள் போயின. அந்த நிறுவனம் இப்படித் தமிழ்நாட்டுக் கோயில்களில் எடுத்துச் சேர்த்த படங்கள் லட்சத்துக்கும் மேல்.

பிறகு வீரசோழபுரத்துச் சிலைகள் காணாமல்போயின. அதில் ஒன்று, கைமாறி அமெரிக்கக் கோடீஸ்வரர் ஆர்தர் சாக்லரின் சேகரிப்புக்குப் போய், 1987-ல் அவர் கொடுத்த ஆயிரம் பொருட்களோடு வாஷிங்டனில் உள்ள ஸ்மித்சோனியன் ஆசியக் கலை மியூசியத்துக்குள் நுழைந்தது. 2022-ல் தமிழ்நாடு சிலைக் கடத்தல் தடுப்புப் பிரிவு, இந்தக் கோயிலின் சிலைகள் அமெரிக்க மியூசியங்களில் இருப்பதாக அறிவித்தது. 2023-ல் மியூசியமே புதுச்சேரி நிறுவனத்தோடு சேர்ந்து பழைய படங்களை எடுத்துப் பார்த்தது. அச்சு அசல் அதே சிலை. 2026 ஜனவரியில், இதையும் தமிழ்நாட்டைச் சேர்ந்த வேறு இரண்டு சிலைகளையும் இந்திய அரசிடம் ஒப்படைப்பதாக மியூசியம் அறிவித்தது. மற்ற இரண்டில் ஒன்றான நடராஜர், நீண்டகாலக் கடனாக அங்கேயே இருக்கும்.

வீரசோழபுரத்துச் சிலை யாருடையது தெரியுமா?

16-ம் நூற்றாண்டு வேலைப்பாடு. சுந்தரர், பக்கத்தில் பரவை நாச்சியார்!

மச்சம் வெட்டி வைத்துக்கொண்ட அதே சுந்தரர். அவர் பிறந்த திருநாவலூரும் இன்று கள்ளக்குறிச்சி மாவட்டத்தில்தான் இருக்கிறது. அவர் கதை ஆரம்பிப்பதே ஒரு பத்திர வழக்கில்தான். கல்யாணப் பந்தலில் ஒரு கிழவர் வந்து, ‘நீ எனக்கு அடிமை, உன் தாத்தா எழுதிக் கொடுத்த ஓலை இதோ’ என்றார். சுந்தரர் அதைப் பிடுங்கிக் கிழித்துப் போட்டார். கிழவர் அசரவில்லை. கிழிந்தது படி ஓலை, மூல ஓலை பத்திரமாக இருக்கிறது என்று சொல்லி, திருவெண்ணெய்நல்லூர் சபைக்கு இழுத்துக்கொண்டு போனார்.

சபையார் என்ன பண்ணினார்கள்? கிழவரையும் நம்பவில்லை, மாப்பிள்ளைக்காகவும் இரங்கவில்லை. தாத்தா எழுதிய வேறோர் ஓலை காப்பில் இருந்தது. அதை வரவழைத்து, இரண்டு கையெழுத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். ஒத்துப்போனது. தீர்ப்பு சொன்னார்கள்.

வீரசோழபுரத்து சுந்தரருக்கு அந்தக் காப்பு ஓலை, புதுச்சேரிப் பெட்டியில் இருந்த ஒரு கறுப்பு வெள்ளைப் படம். 1956-ல் கேமராக்காரர் அதை எடுத்தபோது அந்தச் சிலைக்கு யாரும் விலை பேசிக்கொண்டிருக்கவில்லை. எழுபது வருஷம் கழித்து வாஷிங்டன்காரர்கள் அந்தப் படத்தை நம்பியதற்குக் காரணம் அதுதான்.